வில்லாபுரத்து வானத்தில் எலுமிச்சை

என் விமானத்தில் ஏறுகிறவர் மீது எந்த வாசமும் இருக்கக் கூடாது. "என் விமானம்" என்று சொல்வது வீராப்புக்குத்தான். விமானம் வாடகைக்கு வந்தது. உள்ளே முடுக்கி வைத்திருந்த கருவிகள் ஆராய்ச்சி நிலையத்துக்குச் சொந்தம். என்னுடையது என்று அதில் ஏறியது என் கோபம் மட்டும்தான், அதற்கு ஒருநாளும் குறைவில்லை.

வேலை இதுதான். நாம் மூச்சு விடும் காற்று புரண்டுகொண்டிருக்கிற கீழ் அடுக்கில் தாழப் பறக்க வேண்டும். வெளிக்காற்றை ஒரு குழாய் வழியாக உறிஞ்சி, அதில் மிகச் சொற்பமாகக் கலந்திருக்கும் வாயுக்களை அளக்க வேண்டும். சொற்பம் என்றால், கண்மாயில் ஒரு சொட்டு மை விட்டுவிட்டு அதைத் தேடுகிற அளவு. அதிலும் நாங்கள் தேடுவது சும்மா கிடக்காத வாயுக்களை. லாரிப் புகையில் வரும் நைட்ரஜன் ஆக்சைடு, பெட்ரோல் ஆவி, செடிகொடிகள் விடும் வாசனை எண்ணெய் எல்லாம் எதிரில் வருவதை வம்புக்கு இழுத்து, கொஞ்ச நேரத்தில் வேறொன்றாகிவிடும். வெயிலும் சேர்ந்துகொண்டால் அந்த வம்பில் ஓசோன் பிறக்கும். ஓசோன் வெகு உயரத்தில் இருந்தால் நமக்குக் குடை, மூக்குக்கு நேரே இருந்தால் நெஞ்சு கமறும். இவற்றில் பலதைப் பையில் பிடித்துக் கீழே கொண்டுவந்து நிதானமாகப் பார்ப்பதற்குள் ஆளே மாறியிருக்கும். அதனால்தான் கருவி பறக்கிறது, கருவியோடு நானும் பறக்கிறேன்.

விமானத்தின் வயிற்றுப் பக்கம், முன்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால் அந்தக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். நாங்கள் அதை மூக்கு என்போம். அந்த மூக்குக்குத் தெரியாத வாசம் கிடையாது. ஆகவே ஏறுகிறவர்களுக்கு நான் போட்ட சட்டம்: பூ கூடாது, அத்தர் கூடாது, தலைக்கு எண்ணெய் கூடாது, தலைவலித் தைலம் கூடாது. தலைவலி வந்தால் தாங்கிக்கொள்ள வேண்டும். மதுரையில் ஒரு பொம்பளை ஆடி மாதம் முழுக்கத் தலையில் ஒரு முழம் மல்லிகை இல்லாமல் நடந்தால் வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைப்பார்கள். என்னிடம் நிஜமாகவே இரண்டு பேர் விசாரித்தார்கள். வேலை விஷயம் என்று சொன்னேன். அதற்கு இன்னும் அதிகமாகப் பரிதாபப்பட்டார்கள்.

விமானத்தில் நாங்கள் மூன்று பேர். விமானி, விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர், திருமங்கலம் பக்கத்து ஆள். சரிபார்ப்புப் பட்டியலில் ஒரு வரி விட்டாலும் என்ஜினை முடுக்க மாட்டார். என்னைத் தாயி என்பார். கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர் என்னைவிட இளையவர், கைராசிக்காரர், அக்கா அக்கா என்று வேலையை முடித்துவிடுவார். அவரிடம் ஒரே ஒரு குறை. அவருடைய அத்தா பழைய ஊருக்குள் அத்தர்க் கடை வைத்திருந்தார், வீடு கடைக்கு மேலேயே. அந்தப் பையன் அத்தர் பூச வேண்டியதே இல்லை. மாடிப்படி இறங்கினால் போதும். அதனால் தினமும் விமான நிலையத்துக்கு வந்து, ஆஸ்பத்திரி சோப்பில் குளித்து, அங்கேயே துவைத்துக் காயப்போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு ஏற வேண்டும் என்று வைத்தேன். மனுஷன் முகம் சுளிக்காமல் செய்தார்.

இனி என் அம்மா. மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடம்தான் அவரை விட்டதே தவிர, அவர் பள்ளிக்கூடத்தை விடவில்லை. வில்லாபுரத்தில் எங்கள் தெரு முழுவதும் இப்போது அவர் வகுப்பு. அந்தத் தெருவுக்கு ஒரு சங்கடம் இருந்தது. மேற்கே இருந்து மேல்காற்று அடிக்கிற மாதங்களில் மத்தியானம் ஆனால் வீட்டுக்கு வீடு இருமல். அம்மாவுக்கு இழுப்பே வந்துவிடும், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒரு குறைதீர்க் கூட்டத்தில் போய்ச் சொன்னதற்கு, மேடையில் இருந்தவர், "நீங்களே தெருவுல குப்பையக் கொளுத்துறீங்க, அப்பறம் இருமாம என்ன செய்யும்?" என்று கேட்டுவிட்டார். சபையில் வைத்து ஒரு தலைமையாசிரியையைக் கேட்கிற கேள்வியா அது?

அன்றோடு தெருவில் குப்பை கொளுத்துவது நின்றது. அம்மா குடையும் கையுமாகக் காவல் போனார். சருகு எரித்த வாத்தியார் ஒருவரைப் பேரன் பேத்தி எதிரில் நிற்க வைத்துக் கண்டித்தார். இருமல் மட்டும் நிற்கவில்லை.

"நாங்க ஒரு குச்சி கொளுத்துறதில்ல. பின்ன எங்கிருந்துடி வருது? ஊரு காத்தெல்லாம் அளக்குறியே, எங்க தெருவ அளந்து சொல்லு" என்றார். "தப்பு எங்க மேலயா இல்லையான்னு தெரியணும், அம்புட்டுத்தான்."

இதை அளக்கத்தான் வந்தோமா என்றால் இல்லை. மதுரைச் சமவெளி முழுவதையும் அளக்க வந்தோம். ஆனால் எனக்கு உள்ளுக்குள் அந்த ஒரு தெருதான் கணக்கு. நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், மற்றதெல்லாம் அதற்குப் போட்ட சட்டை.

முதல் நாள் பறந்தோம். விமானம் மேற்கே பார்த்து எழும்பி, வலப்பக்கம் திரும்பி, வில்லாபுரத்துக்கு மேலாகத் தாழப் போகும். அதற்கப்புறம் ஊருக்கு மேலே அவ்வளவு தாழப் போக அனுமதி இல்லை. உயரே ஏறிச் சுற்றிவிட்டு, இறங்க வரும்போதுதான் மறுபடி அதே வழியாகத் தாழ வரலாம். ஆக எங்கள் தெருவை அளக்க ஏறும்போது ஒரு வாய்ப்பு, இறங்கும்போது ஒரு வாய்ப்பு. ஏறினோம். வில்லாபுரம் வந்ததும் திரையில் ஒரு கோடு குபுக்கென்று மேலே போனது. எலுமிச்சைத் தோலில் இருக்கிற வகை எண்ணெய். எங்கள் தெருவில் கறிவேப்பிலைச் செடிக்கே இடம் இல்லை. போகப் போகக் கோடு சாய்ந்தது. இறங்க வரும்போது வில்லாபுரத்தில் மறுபடி குபுக்.

இந்த எண்ணெய்க்கும் ஓசோனுக்கும் ஆகவே ஆகாது, பார்த்த இடத்தில் ஒன்றையொன்று தீர்த்துக்கட்டிவிடும். இது குழாய்க்குள் புகுந்தால் பக்கத்துக் கருவி சொல்லும் ஓசோன் அளவையும் நம்ப முடியாது. அதாவது மதுரை முழுக்க நன்றாக அளந்தாயிற்று, வில்லாபுரம் ஒன்றைத் தவிர.

இன்ஜினியரைப் பிடித்தேன். "சட்டையக் கொண்டா."

"அக்கா, நெசமா ஒண்ணும் பூசல."

காலரை மோந்து பார்த்தேன், கை மடிப்பை மோந்து பார்த்தேன். சுத்தம். ஓடுதளத்துக்குப் பக்கத்தில் ஒரு பொம்பளை ஓர் ஆம்பளையின் சட்டையை மோந்துகொண்டு நிற்பதைப் பெட்டி தள்ளுகிறவர் ஒருவர் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார். அந்தப் பையன் என்னோடு அன்று சாயங்காலம் வரை பேசவில்லை.

அப்போதுதான் மதியச் சாப்பாட்டுத் தூக்கு கண்ணில் பட்டது. அம்மா கட்டிக் கொடுத்தது. திறந்தால் எலுமிச்சைச் சோறு. எனக்கு வந்ததே ஆத்திரம். வீட்டுக்குப் போய், "உங்க சோறு என் அளவையே கெடுத்துருச்சு" என்று கத்தினேன். அம்மா தூக்கை வாங்கிக் கழுவி, கவிழ்த்து வைத்தார். மறுநாளில் இருந்து சாப்பாடு வரவில்லை. பசி ஒரு பக்கம், அடுத்தடுத்த நாள்களும் வில்லாபுரத்தில் எலுமிச்சை ஒரு பக்கம். சோறு இல்லாமலே எலுமிச்சை.

பேராசிரியர் வடக்கே ஓர் ஊரில் இருந்துகொண்டு தினமும் கோடுகளைப் பார்ப்பார். அவர் தொலைபேசியில் குதூகலமாகிவிட்டார். அந்த வில்லாபுரம் என்பது எலுமிச்சைத் தோட்டங்கள் நிறைந்த பகுதியா, யாரும் இதுவரை எழுதவில்லையே, தனிக் கட்டுரையாகவே போடலாமே என்றார். ஐயா, அங்கே நிறைந்திருப்பது பைக்கும் தண்ணீர்த் தொட்டியும் என்றேன். இருந்தாலும் தோட்டம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடச் சொன்னார். பிறந்து வளர்ந்த தெருவில் தோட்டம் தேடச் சொன்னால் தேடத்தான் வேண்டும், மேலதிகாரி ஆயிற்றே. தேடிப் பார்த்து இல்லை என்று சொன்னேன்.

விமானம் மதுரையில் இருக்கப்போகும் கடைசி நாளுக்கு முந்தின நாள். இறங்கியதும் மூக்கைத் துடைப்பதற்காக விமானத்தின் அடியில் குனிந்து போனேன். முன்சக்கரத்தில் கை வைத்தேன். பிசுபிசுத்தது. டயர் பள்ளத்தில் ஒரு விதை ஒட்டியிருந்தது. மோந்து பார்க்கவே வேண்டியதில்லை.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நானும் இன்ஜினியரும் உள்ளே வார் மாட்டிக்கொண்டு கருவிகளைச் சூடேற்றிக்கொண்டிருப்போம். வெளியே விமானி சுற்றிப் பார்க்கிறேன் என்று போவார். அப்போது முன்சக்கரத்துக்கு அடியில் ஒன்றை வைத்துவிட்டு வந்து உட்காருவார். வண்டி அதன்மேல் ஏறும். எழும்பியதும் சாறு அப்பிய சக்கரம் மடங்கி, மூக்குக்குப் பக்கத்தில் போய் ஒண்டிக்கொள்ளும். நேராக வில்லாபுரம். இறங்கும்போது சக்கரம் விரிந்து மூக்குக்கு முன்னாலேயே தொங்கும். மறுபடி வில்லாபுரம். என் பிறந்த தெருவுக்கென்றே ஏற்பாடு செய்த மாதிரி இருந்தது.

"என்ன சார் இது?" என்று விதையை நீட்டினேன்.

"எலுமிச்சங்கா" என்றார் விமானி.

"அது தெரியுது. ஏரோப்ளேனுக்கு எதுக்கு?"

"என்ன தாயி இப்பிடிக் கேக்குற. ஸ்கூட்டர் எடுத்தாலே வைக்குறோம். அது கவுந்தா ரோட்டோரமா உக்காந்து முழங்காலத் தடவிக்கிறலாம். இது ஆகாசத்துல போறது."

"புது வண்டிக்கு ஒருநாள்தான் சார் வைப்பாங்க. தினமுமா வைப்பாங்க?"

"தினமும்தான போறோம்."

"விமானப்படையில விட்டாங்களா?"

"அங்க விட மாட்டாக. சட்டைப் பையில வச்சிருப்பேன்."

நான் மூக்கைக் காட்டினேன், கோட்டைக் காட்டினேன், ஓசோனைப் பற்றி ஒரு பாடமே நடத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். எல்லாம் புரிந்தது என்றார். எலுமிச்சை இல்லாமல் எடுக்க மாட்டேன் என்றார். மறுநாள் ஒரு மத்தியானம்தான் மிச்சம், அதன்பின் விமானம் வேறு மாநிலத்துக்குப் போய்விடும். அழுதுவிடுவேனோ என்று பயந்து இன்னும் சத்தமாகப் பேசினேன்.

மறுநாள் காலையில் விமானக் கொட்டகையில் மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். உங்கள் காருக்கு வையுங்கள் என்றேன். "கார் பறக்குமா?" என்றார். தேங்காய் உடையுங்கள் என்றேன். ஓடு சிதறி என்ஜினுக்குள் போகும், விதிமுறைப்படி கூடாது என்று என்னையே கண்டித்தார். வைத்தபின் டயரைக் கழுவிவிடலாம் என்றால், முந்தின நாள் பிசுக்கைப் போக்கவே எங்களிடம் இருந்த சோப்பு முழுக்கத் தீர்ந்திருந்தது. கடைசியில் இன்ஜினியர்தான் மெல்லக் கேட்டார், "அக்கா, அந்தப் பை ஒண்ணு மிச்சம் இருக்குல்ல?"

எனக்குத் திக்கென்றது. காற்று பிடிக்கிற பை அது. வெளிநாட்டில் இருந்து வரவழைத்தது, உள்ளே போனது ஒரு துளியும் வெளியே வராது. மாறாமல் நின்று பிடிக்கிற சில வாயுக்களுக்காக வைத்திருந்தோம். வந்ததில் ஒன்றே ஒன்றை வில்லாபுரத்துக் காற்றுக்கென்று ஒளித்து வைத்திருந்தேன். அதற்குள் எலுமிச்சம்பழத்தைப் போட்டு மூடிச் சக்கரத்துக்கு வைக்கலாம் என்கிறார்.

விமானி யோசித்தார். "பைக்குள்ள நசுங்குனா அது நசுங்குன கணக்கா?"

"அண்ணே, கறிக்கடையில கவர்ல போட்டுக் குடுத்தா அது கறி இல்லையா?" என்றார் இன்ஜினியர்.

விமானி என் பக்கம் திரும்பினார். "நீ என்ன தாயி சொல்ற? உங்க ஆளுகள்ல எப்பிடி?"

எங்கள் ஆள்களில் எலுமிச்சையே கிடையாது. ஆனால் அந்த நேரத்தில் அதைச் சொல்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை. "எங்கம்மா கான்கிரீட் கூரைக்குக் கீழ உக்காந்துதான் ஜெபம் பண்றாங்க. அது மேல போகுதுல்ல?" என்றேன்.

அவர் மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு பையை வாங்கினார். பழத்தை உள்ளே விட்டு, இன்ஜினியர் மூடியைச் சுற்றிச் சுற்றி இறுக்கினார். மூன்று பேரும் விமானத்தைக் கையாலேயே தள்ளினோம். சக்கரம் ஏறியது. உள்ளே பழம் பொதுக்கென்று நசுங்கியது, பை தாங்கியது. விமானி அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கொட்டகைக்குள் வைத்தார். என் வில்லாபுரத்துப் பைக்குள் எலுமிச்சைச் சாறு ததும்புவதைப் பார்க்க வயிறு எரிந்தது.

எழும்பினோம். ஆடிக் காற்று விமானத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. நான் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வில்லாபுரம் வந்தது. எலுமிச்சைக் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது.

"அக்கா, கீழ பாருங்க" என்றார் இன்ஜினியர்.

எங்கள் தெரு மொட்டை மாடிகளில் வரிசை வரிசையாக ஆள்கள். காலைக் கூட்டத்துக்கு நிற்கிற மாதிரி நின்றார்கள். முன்னால் ஒரு கறுப்புக் குடை. வேறு யார். மத்தியானம் தெருவைத் தாண்டிப் போவோம், அதுதான் கடைசி அளவு என்று முந்தின நாள் நான் வாயை விட்டிருந்தேன். தலைமையாசிரியைக்கு அது போதாதா, இன்ஸ்பெக்‌ஷன் என்றே எடுத்துக்கொண்டுவிட்டார். காலையில் இருந்து தெருவில் ஓர் அடுப்பு பற்றவில்லை, பைக்குகளை மெயின் ரோடு வரை தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள், முக்கு டீக்கடைக்காரரைக்கூடக் கடையைச் சாத்த வைத்திருக்கிறார் என்பதெல்லாம் பின்னால் தெரிந்தது. அவ்வளவு உயரத்தில் ஒரு தெருவின் அடுப்பு எங்கள் கருவிக்குத் தெரியாது என்பதை நான் சொல்லியிருக்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே ஓசோன் கோட்டைப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. கோடு உச்சத்தில் இருந்தது.

சரி, ஊர் முழுக்க இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் போனோம், குறைந்தது. தெற்கே வளைந்து கப்பலூர் வந்தோம். நெடுஞ்சாலையில் லாரிகள் எறும்புச் சாரை மாதிரி போய்க்கொண்டிருந்தன. நைட்ரஜன் ஆக்சைடு ஏகமாக இருந்தது, ஓசோன் மட்டும் சொற்பம். புகை அங்கே இன்னும் பச்சையாக இருந்தது. அங்கிருந்து காற்று போகிற போக்கிலேயே திரும்பி வந்தோம். வர வர நைட்ரஜன் ஆக்சைடு இறங்கியது, ஓசோன் ஏறியது. இறங்க வருகையில் வில்லாபுரத்தில் மறுபடி அதே உச்சம். குடை இன்னும் மாடியில்தான் இருந்தது.

நல்ல அளவு. சுத்தமான அளவு. பேராசிரியர் பாராட்டினார், எலுமிச்சைத் தோட்டத்துக்கு மட்டும் வருத்தப்பட்டார். விமானி, "பாத்தியா, பைக்குள்ள வச்சதும் பலிச்சிருச்சு" என்று என் தோளில் தட்டினார். எனக்கு வீட்டுக்குப் போகத்தான் கால் வரவில்லை.

அம்மா வாசலிலேயே நின்றார். வெயிலில் நின்ற முகம் கறுத்திருந்தது. மூச்சு விசிலடித்தது. "என்ன, நம்ம தெரு பாஸா?"

சொன்னேன். கப்பலூர் ரோட்டில் கிளம்புகிற லாரிப் புகை காற்றோடு வரும்போதே வெயிலில் வெந்து, நம்ம தெருவுக்கு வந்து சேரும்போது ஓசோனாகிவிடுகிறது என்றேன். கிளம்புகிற இடத்தில் அது குறைவு, வந்து சேருகிற நமக்குத்தான் அதிகம் என்றேன். இன்று சுற்றின இடத்திலெல்லாம் நம்ம தெருதான் மோசம் என்பதையும் சொன்னேன்.

அம்மா கையில் இருந்த குடையை மடக்கினார். "நாங்க ஒரு குச்சி கொளுத்தலயே" என்றார்.

"தெரியும்மா."

"காலையில இருந்து யாரும் உல வைக்கல."

"தெரியும்மா. மாடியில பாத்தேன்."

"அப்ப யாரு எழுதுன பேப்பருக்குடி எங்களுக்கு மார்க் போட்டுட்டு வந்திருக்க?"

அதற்குள் தெருவில் ஆள் கூடிவிட்டது. சருகு எரித்துக் கண்டிக்கப்பட்ட அந்த வாத்தியார்தான் முன்னால் நின்றார். "டீச்சர், என்ன சொல்றாக? நம்ம பாஸா?"

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இருமி முடித்து, தலைமையாசிரியைக் குரலில் சொன்னார்.

"ரிசல்ட்ட நிறுத்தி வச்சிருக்காக. நம்ம மேல தப்பு இல்ல. போங்க, போய் அடுப்பப் பத்த வைங்க. பிள்ளைக பசியோட இருக்கும்."